மாற்று நேரம்

“அக்காவோட பம்பை நீங்க நிறுத்தணும் சார்.”

அருஞ்சுனை சொல்லிவிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டாக்டர் ஜெபநேசனின் விரல்கள் அப்படியே உறைந்தன. கதவோரம் நின்ற ரோஸலின் சிஸ்டர், காதில் விழக் கூடாதது விழுந்துவிட்டதுபோல் சிலுவை போட்டுக்கொண்டார்.

இதயம் தளர்ந்தவர்களுக்கான அந்த ஆய்வு மையத்தில் ‘நிறுத்து’ என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. சேர்ந்த அன்றைக்கே சிஸ்டர் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார். விசிறியை அணைக்கலாம், பேச்சை முடிக்கலாம், லிஃப்டைப் பிடித்துவைக்கலாம். எதையும் நிறுத்தக் கூடாது. புதிதாக வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் “வண்டிய எங்க நிறுத்த?” என்று வராந்தாவில் நின்று கத்தியதற்கு, செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்கூடக் குழாயைக் கீழே போட்டுவிட்டு முறைத்தார். மூன்று வருடமாக இங்கே ஆய்வு மாணவியாக இருக்கும் டாக்டர் அருஞ்சுனைக்கு இது தெரியாமலில்லை. தெரிந்துதான் சொன்னாள்.

“சிஸ்டர், நீங்க போய் வார்டப் பாருங்க,” என்றார் ஜெபநேசன். கதவு சாத்தியதும், “உக்காரும்மா.”

“நின்னுக்கிடுதேன் சார்.”

கோபம் வந்தால் அவளுக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். மருத்துவக் கல்லூரியில் அதற்காகச் சிரித்திருக்கிறார்கள். இவர் மட்டும் சிரித்ததில்லை. நேர்முகத்தில் அவள் இங்கிலீஷில் திக்கித் திணறியபோது, “எனக்கும் பசிச்சா தமிழ்தான் வரும், நீ தமிழ்லயே சொல்லு” என்றவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் சேர்ந்தாள்.

“நாளைக்கு அக்காவுக்கு ஆபரேஷன். அதான் பயந்துபோய் என்னமோ பேசுற. உள்பேட்டரி வைக்கிறது சின்ன வேலைம்மா.”

“பயமெல்லாம் இல்ல சார். அந்த ஆபரேஷனே வேண்டாங்கேன். அவ இதயம் தேறிருச்சு. பம்பை நிறுத்திப் பாத்தாத் தெரியும்.”

ஜெபநேசனின் பம்ப் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தளர்ந்துபோன இதயத்தின் நுனியில் குடியேறி, ஓயாமல் சுழன்று, ரத்தத்தை வாய்க்கால் தண்ணீர்போல் ஒரே சீராக ஓட்டும். வயிற்றைத் துளைத்து வெளியே வரும் ஒயர், இடுப்புப் பையிலிருக்கும் பேட்டரியில் போய் முடியும். ஒரு மனிதர் தன் வாலிபம் முழுவதையும் போட்டுச் செய்தது. மாற்று இதயம் கிடைக்காதா என்று காத்திருந்தே செத்துப்போனவர்களின் காலத்தை அந்தக் கட்டைவிரல் முடித்துவைத்தது. அரசாங்கமே ஏற்று நடத்தியதில், பம்ப் வைத்த ஆள் இல்லாத தெருவே இல்லை என்றானது.

ஒரே ஒரு விஷயம்தான். அலை இல்லாமல் ஓடும் ரத்தத்தில் நாடி கிடையாது. சாப்பிடுவார்கள், சண்டை போடுவார்கள், ஓட்டுப் போடுவார்கள். கையைப் பிடித்தால் மட்டும் ஒன்றும் இருக்காது. ஆரம்பத்தில், பஸ் கவிழ்ந்த இடத்தில் மயங்கிக் கிடந்த ஒருவரைக் கைபிடித்துப் பார்த்துவிட்டுப் பிணவறைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு வந்ததுதான் பச்சைப் பட்டை. மணிக்கட்டில் பச்சை இருந்தால் நாடி பார்க்காதே. டாக்டர்களும் நர்சுகளும் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். ஊரும் பழகிக்கொண்டது, தன் வழியில். பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்துக்கு முன்னால் மணிக்கட்டைப் பார்த்தார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் பச்சைப் பட்டைக்காரர் வந்து உட்கார்ந்தால் பக்கத்து ஆள் லேசாக நகர்ந்துகொண்டார்.

மற்ற ஆஸ்பத்திரிகளில் திரையில் நேர்கோடு விழுந்தால் ஓடிவருவார்கள். இங்கே கைதட்டுவார்கள். கோடு எவ்வளவு நேரோ, பம்ப் அவ்வளவு நல்ல பம்ப்.

“எதை வச்சுத் தேறிருச்சுங்கிற?” என்றார் ஜெபநேசன்.

அருஞ்சுனை கையிலிருந்த பலகைக் கணினியை அவர் பக்கம் திருப்பினாள். “அக்கா பம்போட வேகம். மாசாமாசம் ஏறிக்கிட்டே வருது பாருங்க.”

“ரத்தம் கெட்டியாகியிருக்கும். மாத்திரைய மாத்துவோம்.”

“ரத்தம் சரியா இருக்கு. நானே பாத்தேன். உள்ள ஒண்ணு துடிக்குது சார். அது துடிக்கத் துடிக்கக் கோடு நெளியுது. கோடு நெளிஞ்சா பம்புக்குள்ள இருக்கிற நம்ம அலையடக்கி நிரல் என்ன செய்யும்? வேகத்தக் கூட்டி நேராக்கும். அவ இதயம் எந்திரிச்சு உக்காரப் பாக்குது. நம்ம பம்பு அதோட தலையில கைய வச்சு அமுக்கிக்கிட்டே இருக்கு.”

அவர் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

“அலையடக்கிய நான் எதுக்கு எழுதுனேன்னு உனக்குத் தெரியுமா?”

“அரசல்புரசலாத் தெரியும். நீங்க சொல்லிக் கேட்டதில்ல.”

“மாசிலாமணின்னு ஒரு பஸ் கண்டக்டர். என் முதல் பம்ப் அவருக்குத்தான். நல்லா நடமாடினாரு. நீ நிக்கிற இதே இடத்துல அவரு சம்சாரம் வந்து நின்னு, ‘நிறுத்திப் பாருங்கய்யா, அவருக்கு ஒயரோட இருக்கப் பிடிக்கல’ன்னு கேட்டாங்க. எனக்கும் பாக்கணும்னு ஆசை. தேறியிருந்தா உலகமே திரும்பிப் பாக்குமே. நிறுத்தினேன். பேசிக்கிட்டேதான் இருந்தாரு. ‘ஸ்டாப்பிங் வந்துருச்சா டாக்டர்?’னு சிரிச்சாரு.” ஜெபநேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அதுதான் கடைசி. பெறகு பாத்தா இதயம் பாதிதான் தேறியிருந்துச்சு. அந்தப் பாதி, பம்போட மல்லுக்கட்டியே தன்னக் கெடுத்துக்கிச்சு. இனிமே எந்த இதயமும் பம்போட மல்லுக்கட்டக் கூடாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணேன்.”

“பாதி தேறுனதப் பாத்துப் பயந்து, முழுசாத் தேறுனதையும் சேத்து அமுக்கிட்டீங்க.”

“அருஞ்சுனை.”

“நாடி பாக்கத்தான சார் நம்ம முதல்ல படிச்சோம்? பேட்டரி மாத்தையில பச்சைப் பட்டை கட்டின கைய ஒரு டாக்டராவது தொட்டுப் பாத்திருந்தா என்னைக்கோ தெரிஞ்சிருக்கும். பாக்காதன்னு எழுதி வச்சோம். பாக்கல. நானும்தான் பாக்கல. சொந்த அக்கா கைய!”

குரல் உடைந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த மனுஷர்தான் அக்காவைக் காப்பாற்றினார். அதை அவள் மறக்கவில்லை. மறக்காதே மறக்காதே என்று ஆளாளுக்கு நினைவுபடுத்தவும் செய்தார்கள். உன் வீட்டில் முதல் பட்டதாரி நீ, இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு, வாயை மூடிக்கொண்டு நன்றியோடு இரு. நன்றியோடுதான் இருந்தாள். நன்றி இருக்கிற வாய் கேள்வி கேட்கக் கூடாது என்று யார் சொன்னது?

அம்மா இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்தவள் பேச்சியக்கா. தங்கச்சி பள்ளிக்கூடம் போக, தான் நூல் மில்லுக்குப் போனவள். செண்பகாவைப் பெற்ற கொஞ்ச நாளிலேயே அக்காவுக்குக் கால் வீங்கியது, மூச்சு இரைத்தது, படுக்க முடியவில்லை. பிரசவத்தோடு வருகிற இதயத் தளர்ச்சி. பம்ப் வைத்தார்கள், பிழைத்தாள். ஆனால் அந்த வகைத் தளர்ச்சி, ஓய்வு கொடுத்தால் பல பெண்களுக்குத் தானாகவே தேறிவிடும் என்று புத்தகமே சொல்கிறது. அருஞ்சுனை அதைப் பரீட்சைக்குப் படித்து, எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்தும்விட்டாள்.

நேற்று மத்தியானம்தான் அது நினைவுக்கு வந்தது. வந்த விதமும் படிப்பால் இல்லை.

ஆபரேஷனுக்காக வார்டில் சேர்ந்திருந்த அக்காவின் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ‘மாற்று நேரம்’ என்ற கட்டம் கண்ணில் பட்டது. பழைய பம்புகளில், ஒரு பேட்டரியைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் இடைவெளியில் பம்ப் நின்றுபோகும். ஒரு மூச்சுக்குள் மாட்டிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அக்காவின் மாற்று நேரம் முதலில் ஒரு மூச்சு. பிறகு ஒரு பாட்டின் முதல் வரி. இப்போது ஒரு தாலாட்டே பாடி முடித்துவிடலாம்.

வார்டுக்கு ஓடினாள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பேச்சி மகளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏக்கா, பேட்டரி மாத்த உனக்கு எதுக்கு இம்புட்டு நேரம்?”

“கை நடுங்குதுட்டி.”

“ஓடுற மெஷின்ல அறுந்த நூல முடிச்சுப் போட்ட கை. நடுங்குதாம்ல, நடுங்குது!”

பேச்சி சுளையிலிருந்து நாரை எடுப்பதில் கவனமாக இருந்தாள். செண்பகாதான் வாய் நிறையப் பழத்தோடு போட்டுடைத்தாள். “சித்தி, அம்மா எனக்கு டம்டம் காட்டுவாளே!”

“ஏட்டி, வாய மூடிட்டுத் தின்னு.”

“என்னக்கா டம்டம்?”

பேச்சி மகளின் வாயைத் துடைத்தாள். துடைத்ததையே இன்னொரு முறை துடைத்தாள். பிறகு சொன்னாள்.

“இவ டீச்சர் சொல்லியிருக்கா, அம்மா நெஞ்சுல காத வச்சா டம்டம்னு கேக்கும்னு. ஓடி வந்து வச்சுப் பாத்துட்டு, ‘உனக்கு மிக்சி சத்தம்தான் கேக்கு’ங்கா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. ஒருநாள் பேட்டரி மாத்தையில எம்மேல சாஞ்சு கெடந்தா. ‘எம்மா, கேக்கு கேக்கு’ன்னு குதிச்சா பாரு ஒரு குதி. பெறகு மாத்தும்போதெல்லாம் இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு…”

“செத்துப் போவக்கா! ரத்தம் அப்படியே தேங்கிரும். தெரியுமா உனக்கு?”

“போகலயேட்டி.” பேச்சி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “மில்லுல பொழுதன்னைக்கும் அந்த இரைச்சலுக்குள்ள நின்னேன். அறைக்கு வந்து படுத்தாலும் காதுக்குள்ள இரைஞ்சிக்கிட்டே கெடக்கும். இப்ப மில்லு நெஞ்சுக்குள்ளயே வந்து உக்காந்துட்டு. கரண்டு போனா மில்லு ஓயும் பாரு, புள்ளையெல்லாம் அப்படியே கண்ண மூடி நிப்போம், பேட்டரியக் கழட்டுனா அப்படி இருக்கு. பெறகு உள்ள இருந்து ஒரு சத்தம் வருது. எனக்கே எனக்குள்ள சத்தம்ட்டி. நாளைக்கழிச்சு அந்த உள்பேட்டரிய வச்சுட்டா நிக்கவே நிக்காதாம்லா? அதான் போறதுக்கு முன்னால இவளுக்கு நெறையாக் கேக்கக் குடுத்துரலாம்னு.”

சொல்லிக்கொண்டே பேச்சி இடுப்புப் பையைத் திறந்தாள். எச்சரிக்கை மணி கீச்சிடாமல் இருக்கத் தலையணையை அதன்மேல் அழுத்தினாள். பழகின கை.

“வா. நீயும் கேளு.”

ஒரு டாக்டராக அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். தட்டிவிடவில்லை. பச்சைப் பட்டையை மேலே தள்ளி மணிக்கட்டில் விரலை வைத்தாள்; காதை நெஞ்சில் வைத்தாள். அந்த ரீங்காரம் தேய்ந்து அடங்கியது. சின்ன வயதில், அப்பா குடித்துவிட்டுக் கதவை உதைக்கிற நாட்களில், இந்த நெஞ்சில்தான் காதை அழுத்திக்கொண்டு கிடப்பாள். வெளியே என்ன சத்தம் கேட்டாலும் உள்ளே இந்தச் சத்தம் இருக்கும்.

இருந்தது. காதிலும் விரலிலும் ஒன்றாக.

அக்காவின் கையிலிருந்து பேட்டரியைப் பிடுங்கி அவளே மாட்டினாள். உண்மையாகவே நடுங்கியது அவள் கைதான்.

இதையெல்லாம் ஜெபநேசனிடம் சொல்லி முடித்தபோது, அவர் மேசைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்திருந்தார்.

“அக்கா மட்டும் இல்ல சார்,” என்றாள் அருஞ்சுனை. “மத்தவங்க பதிவையும் எடுத்துப் பாத்தேன். வீட்டுக்கு வீடு மாற்று நேரம் நீண்டுக்கிட்டே வருது. அதும் எப்ப? பிள்ளைகளத் தூங்கப்போடுற நேரத்துல. புருஷன் வேலைவிட்டு வார நேரத்துல. ஊருக்கே கை நடுங்குதா சார்?”

“தெரியும்,” என்றார் அவர்.

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

“போன வருஷமே பாத்துட்டேன். காத வச்சுக் கேக்குறாங்கன்னு தெரியாது. ஆனா வேணும்னேதான் கழட்டி வைக்கிறாங்கன்னு தெரிஞ்சுது. அதுக்குத்தான் உள்பேட்டரி. இனி யாரு கழட்டுனாலும் நிக்காது.”

இத்தனை நாள் உள்பேட்டரி என்பது ஒரு வசதி என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அருஞ்சுனையும் அதற்காக ஒரு கட்டுரை எழுதிக்கொடுத்திருந்தாள்.

“தெரிஞ்சேவா சார்?”

“கோபப்படு. ஆனா கேளு. உன் அக்கா தேறியிருக்கலாம். அவளப்போல நூத்துல அஞ்சு பேர் தேறியிருக்கலாம். இந்தப் பேச்சு டீக்கடைக்குப் போச்சுன்னா அஞ்சு பேரா கழட்டிப் பாப்பான்? நூறு பேரும் கழட்டுவான். தொண்ணூத்தஞ்சு மாசிலாமணி. அத்தனை பேரோட சம்சாரமும் இங்க வந்து நிக்கும். என்னால இன்னொரு தடவை முடியாதும்மா.”

அதில் நியாயம் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

“அப்ப ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுக் கைய புடிச்சுப் பாக்கணும் சார். அதுதான நம்ம வேலை? நூறு பேரக் காப்பாத்துறேன்னு அஞ்சு பேர உயிரோட மூடி வைக்கிறதா வேலை? நீங்க பயந்தா பயந்துக்கோங்க. உங்க பயத்த எடுத்து எங்கக்கா நெஞ்சுக்குள்ள வைக்காதீங்க.”

கதவு தட்டாமலே திறந்தது. ரோஸலின் சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது.

“சார், பேச்சியம்மா பெட்டுல இல்ல! பாப்பாவும் இல்ல. பக்கத்து பெட் அம்மாகிட்ட சொல்லிட்டே போயிருக்கா. பச்சைப் பட்டை மட்டும் தலகாணி மேல கெடக்கு!”

ஜெபநேசன் சிஸ்டரைப் பார்க்கவில்லை. அருஞ்சுனையைப் பார்த்தார்.

“நான்தான் போகச் சொன்னேன் சார். பம்பு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, பயப்படாதீங்க. பஸ் ஸ்டாண்டுல இருப்பா. கோவில்பட்டி போறோம். அங்க அரசு ஆஸ்பத்திரியில என்கூடப் படிச்ச சங்கரகோமதி இருக்கா. எக்கோ மெஷின் இருக்கு, ரத்தம் உறையாம இருக்க மருந்து இருக்கு. பேட்டரியப் பிடுங்கிப் பாக்குற பைத்தியக்காரத்தனம் இல்ல. அலையடக்கிய எடுத்துட்டு, வேகத்தக் கொஞ்சங் கொஞ்சமா இறக்கி, ஒவ்வொரு படியிலயும் நின்னு பாக்கப் போறோம். தேறலன்னா திரும்பக் கூட்டிட்டு வந்து உங்க கால்ல விழுவேன். உள்பேட்டரி வைங்கன்னு நானே கேப்பேன்.”

“அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்து கேட்ட?”

“அனுமதி கேக்க வரல சார். நீங்க நிறுத்தணும்னு கேக்க வந்தேன்.” பலகைக் கணினியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். “உங்க கை மாதிரி கை எனக்கு இல்ல. உங்ககிட்டதான் படிச்சேன். நிறுத்தையில நீங்க பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.”

ஜெபநேசன் மேசைமேலிருந்த தன் கைகளைப் பார்த்தார். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல. ஏதாவது சொல்வார் என்று அவள் நின்றாள். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள். அந்தச் சத்தம் வராந்தாவின் கோடிவரை போய்த் தேய்ந்தது.

அருஞ்சுனை பலகைக் கணினியை அவர் முன்னாலேயே விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தாள். சிஸ்டர் ஒதுங்கி வழிவிட்டார். மறுபடி சிலுவை போட்டுக்கொண்டார். இந்தமுறை அவளுக்காகப் போட்டதுபோல் இருந்தது.

“அருஞ்சுனை.”

திரும்பினாள்.

“நீ காத வச்சுக் கேட்டியா?”

“கேட்டேன் சார்.”

“எப்படி இருந்துச்சு?”

கேட்ட குரல் துறைத்தலைவரின் குரலாக இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரிலிருக்கிற இதயங்களையெல்லாம் ஓடவைத்த மனுஷர், தன் நோயாளி ஒருவரின் இதயம் துடிப்பதைக் கேட்டு எத்தனை வருடமாகியிருக்கும்! கதவுக்குப் பக்கத்து ஆணியில் அவருடைய ஸ்டெதஸ்கோப் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இங்கே சேர்ந்த நாளிலிருந்து அது அந்த ஆணியைவிட்டு இறங்கிப் பார்த்ததில்லை. ரப்பர் குழாயில் தூசி படிந்து வெளுத்திருந்தது.

அதைக் கழற்றினாள். துப்பட்டா முனையால் துடைத்தாள். திரும்ப நடந்துபோய், அவருடைய விரித்த உள்ளங்கையில் வைத்தாள்.

“பஸ் மூணு மணிக்கு சார்.”

வெளியே வந்துவிட்டாள். லிஃப்டுக்காகக் காத்திருக்கவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது மேலே ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. கதவு திறக்கிறதா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிற்க வேண்டியிருக்கும்.